அஞ்சு டாலரும் இருபது டாலரும்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மாம்பழம் வாங்கிய பெரியவர் ஒருத்தர், ரெண்டு செந்தூராவைப் பக்கத்துப் பூக்காரம்மா கூடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினார். முகத்தில் அப்படியொரு தெளிச்சி!

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை ஞாபகம் வந்தது.

காலையில் 46 பேருக்குப் பணம். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20. மாலை 5 மணிக்குள் தனக்கோ பிறருக்கோ, சொன்னபடி செலவழிக்க வேண்டும்.

பிறருக்குச் செலவழித்தவர்களிடமே சந்தோஷம் கூடுதல். தொகை பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வரவில்லை.

வேறு ஆட்களிடம் ஊகிக்கச் சொன்னால், பெரும்பாலோர் நேர் எதிராகச் சொன்னார்கள்: 20தான் மேல், அதுவும் தனக்கே.

இதில் கட்டாய மொய் சேராது. தானாக விரும்பி உதவினால்தான் மனசு நிறைகிறது, நெருக்கடிக்குச் செய்தால் இல்லை என்று வைன்ஸ்டைன், ரயன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2010இல் காட்டிவிட்டார்கள்.