திறந்த உறையில் வரும் கடிதங்கள்

ஜனவரி 4, 2023, புதன்

பார்வையற்ற எங்களுக்கு விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெயில் 1809இல் இதே நாளில் பிறந்தார். நான் சந்தா கட்டும் பிரெயில் மாத இதழில், அதையொட்டிப் பேனா நண்பர் பகுதியை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பெயர், ஊர், வயது எதுவும் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஓர் எண். கடிதத்தை இதழ் அலுவலகத்துக்கு அனுப்பினால் அவர்கள் உறையை மாற்றி உரியவருக்கு அனுப்பிவைப்பார்கள். என் எண் 17.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களுக்கெல்லாம் குரல்தான் முகம். வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாரும் குரல் பதிவாகவே போடுகிறார்கள். இரண்டு வாக்கியம் காதில் விழுந்தால் போதும், எந்தப் பக்கத்துக்காரர், எவ்வளவு படித்தவர், தைரியசாலியா பயந்தவரா என்று மனசு ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தக் குரலும் இல்லாமல் ஒரு மனிதரிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஜனவரி 28, சனி

எண் 43இடமிருந்து கடிதம். தபால்காரர் அண்ணியிடம் கொடுத்துவிட்டு, “மேடம், கவர் ஒட்டாமலேயே வந்திருக்கு” என்றாராம். புதிதாக வந்தவர் போல. ‘பார்வையற்றோர் இலக்கியம்’ என்று மேலே எழுதி அனுப்பினால் 7 கிலோ வரை தபால்தலை வேண்டாம். ஆனால் உறையை ஒட்டக் கூடாது, அலுவலகத்தில் எடுத்துப் பார்க்கத் தோதாக இருக்க வேண்டும். அதனால் எங்கள் கடிதங்கள் திறந்தபடியேதான் ஊர் ஊராகப் போகின்றன. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், வழியில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

கடிதம் சிலேட்டில், அதாவது புள்ளி குத்தும் கட்டச் சட்டத்தில், எழுதியது. பெர்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சு மெஷினில் அடித்தால் எல்லாப் புள்ளியும் ஒரே உயரமாக எழும்பும். சிலேட்டில், தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாக ஸ்டைலஸ் என்ற குத்தூசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும், அதில் கை தெரிந்துவிடும். இவர் அழுத்திக் குத்துகிறார். நான்கு வரிக்கு ஒரு முறை, அதே இடத்தில் ஒரு புள்ளி சற்று விலகி விழுகிறது. சிலேட்டில் அந்தக் கட்டம் தேய்ந்திருக்க வேண்டும். எத்தனை காலமாக வைத்திருக்கிறாரோ.

விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தார். வார்டன் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு, போர்வைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாதி ராத்திரி வரை படிப்பார்களாம். புத்தூர் விடுதியில் நாங்களும் அதையேதான் செய்தோம்! அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 11, சனி

43 பிரம்பு நாற்காலி பின்னுகிறவர். ஊறவைத்த பிரம்பு விரலில் எப்படி வளையும், காய்ந்துவிட்டால் எப்படிச் சொல்லாமல் முறியும், சட்டத்தின் துளைகளை எண்ணாமல் கையே எப்படிக் கண்டுபிடிக்கும் என்றெல்லாம் நான்கு பக்கம். இப்போது நைலான் வயர் வேலைதான் அதிகம் வருகிறதாம். பிரம்பு நாற்காலி வந்தால் அந்த நாள் முழுக்க மனசு லேசாக இருக்கும் என்கிறார்.

நான் பாடம் நடத்துவதைப் பற்றி எழுதினேன். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தத்திலேயே யார் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் சொன்னால் ‘கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடவுள் கொடுக்கவில்லை, பதினோரு வருஷம் வகுப்பில் நின்று நானே கற்றுக்கொண்டது.

மார்ச் 4, சனி

இன்றைய கடிதத்தைத் தொட்டதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. புள்ளிகள் எழும்பவே இல்லை. சில இடங்களில் தப்பாகக் குத்தி, எழுத்துக் கட்டத்தின் ஆறு புள்ளியும் போட்டு அடித்திருந்தார். இரண்டாம் பக்கத்தில்தான் செய்தி: அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். தங்கச்சி வந்து, “அண்ணா, நீ போய்த் தூங்கு” என்று அனுப்பிவைத்தாளாம். வீட்டில் தூக்கம் வராமல் எனக்கு எழுத உட்கார்ந்தாராம்.

அண்ணா என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. தன்னைப் பற்றியே எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்று தமிழில் கடைசி வரை தெரியாமலே போகலாம். இத்தனை நாள் எனக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இன்று தெரிந்தது. தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன், அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 26, ஞாயிறு

அவருடைய அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். புள்ளிகள் பழையபடி ஆணி மாதிரி நிற்கின்றன.

இன்னொரு விஷயமும் நடந்தது. பிரெயில் தாளுக்கு ஆகும் செலவுக்குப் பயந்து எங்களில் பலர் பழைய காலண்டர் தாளில் எழுதுவோம். மாதக் காலண்டர் தாள் நல்ல கனம். இவரும் அதில்தான் எழுதுகிறார். இன்று மேசையில் கிடந்த தாளை அண்ணி எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏய், இதுல கடைப் பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் அச்சாயிருக்குடி, படிக்கட்டுமா?” என்றார்.

“வேண்டாம் அண்ணி.”

“ஒரே ஒரு வார்த்தை, ஊர் மட்டும்?”

“சொல்லிடாதீங்க அண்ணி, ப்ளீஸ்.”

அண்ணி சொல்லவில்லை. தாளைத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் ஒருவருக்கு அவர் ஊர் தெரியும், எனக்குத் தெரியாது. அண்ணிக்கு அது தாங்கவில்லை, சமையல்கட்டில் அவ்வப்போது தானாகச் சிரித்துக்கொள்கிறார். அவர் சொல்லாத எதையும் வேறு வழியாகத் தெரிந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஊரை அவரே ஒரு நாள் எழுதட்டும்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரைப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம் எல்லாம் முடிந்து மத்தியானம் அவருடைய பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். பிரெயில் கடிதத்தை நிறைய முறை படித்தால் புள்ளி தேய்ந்துவிடும். பிரம்பைப் பற்றிய பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் மழமழவென்று ஆகிவிட்டது: ‘உங்கள் கடிதம் வரும் வாரத்தில் நான் வேலையை நேரத்தோடு முடித்துவிடுகிறேன்.’ எனக்குத் தெரியாமல் என் விரல் அங்கேயே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

தெரிந்தேதான் போய் வந்தது. நான் அவரை நேசிக்கிறேன். யாரை என்று கேட்டால் சொல்லப் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ராத்திரி அவர் கை எவ்வளவு தளர்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அந்த வாக்கியத்தைப் புதுத் தாளில் நானே குத்தி வைத்துக்கொண்டேன். அப்படியும் அது என் கை எழுதியதாகத்தான் இருக்கிறது. பழைய தாளைத்தான் வைத்துக்கொள்வேன்.

மே 9, செவ்வாய்

அவரும் எழுதிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. ‘நீங்கள் யாராக இருந்தாலும் இனி உங்களுக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியாது. நீங்கள் கல்யாணம் ஆனவராக இருந்தால் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு மற்றதற்குப் பதில் எழுதுங்கள்.’

கிழிக்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்தபோது சிலேட்டைத் தாளில் மாட்டவே கை ஒத்துழைக்கவில்லை. ஒரே பக்கம்தான் எழுதினேன். எழுத வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

கடிதம் சென்னை போய் அங்கிருந்து அவருக்குப் போக வேண்டும். இவ்வளவு நாள் அந்தத் தாமதம் எனக்கு இனிப்பாக இருந்தது. இப்போது ஒவ்வொரு நாளும் கனக்கிறது.

ஜூன் 12, திங்கள்

வெயிலால் தள்ளிப்போட்ட பள்ளிக்கூடம் இன்று திறந்தது. மேட்டூர் அணையையும் இன்றுதான் திறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் லீவில் உயரமாகிவிட்டார்கள், குரல்கள் மேலேயிருந்து வருகின்றன. வேறு விசேஷம் இல்லை. கடிதமும் இல்லை.

ஜூலை 8, சனி

வந்துவிட்டது! ஒரு கடிதத்தில் இத்தனை சந்தோஷத்தைக் குத்த முடியுமா? சில இடங்களில் தாளே பொத்துப் போயிருக்கிறது.

ஆற்றில் தண்ணீர் வந்த கதையும் எழுதியிருக்கிறார். படித்துறையில் பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடினாராம். இங்கே காவிரியில் தண்ணீர் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து அங்கே வந்திருக்கிறது. அப்படியென்றால் எங்களுக்குக் கீழே, டெல்டாவில் எங்கேயோ இருக்கிறார். நான் கால் நனைத்த தண்ணீர்தான் அவர் காலுக்குப் போயிருக்கிறது. சமையல்கட்டுக்குப் போய், “அண்ணி, தஞ்சாவூர்ப் பக்கமா?” என்றேன். “நான் வாயே திறக்க மாட்டேன்பா” என்றார். குரலிலேயே பதில் இருந்தது.

ஜூலை 22, சனி

வகுப்பில் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதை சொன்னேன். சோழன் ஆண்டது நாங்கள் குடியிருக்கும் இதே உறையூர். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுக்காரர். ஒருவரையொருவர் பார்க்காமலே நட்பு. சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல், உயிர்விடத் துணிந்தபோது, ‘ஆந்தை வருவான், அவனுக்கு இடம் ஒதுக்குங்கள்’ என்கிறான். அவரும் வருகிறார். புறநானூற்றில் இருக்கிறது.

வருஷா வருஷம் நான் உருகி உருகி நடத்தும் பாடம். இந்த முறை பாதியில் கோபம் வந்துவிட்டது. பிசிராந்தையார் ஏன் முன்னாலேயே கிளம்பி வரவில்லை? சோழன்தான் ஏன் ஒரு தேரை அனுப்பவில்லை? பார்க்காமலே பழகியது பெரிய விஷயம்தான். ஆனால் சாகப் போகும்போது பக்கத்தில் இடம் ஒதுக்குவதைவிட, இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கலாம்.

சாயங்காலம் கடிதம் எழுதினேன். பெயர் போட்டேன், ஊர் போட்டேன், போன் நம்பரும் போட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. அண்ணியோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். நல்ல கூட்டம். காதோலை கருகமணி, பூ எல்லாம் ஆற்றில் விட்டோம். அண்ணி என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, “சீக்கிரம் நடக்கணும்” என்றார். எது என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ராத்திரி போன் வந்தது. “பதினேழா?” என்றார். “ஆமாம், நாற்பத்து மூணா?” என்றேன்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். அது எனக்குத் தெரியாத குரல். நான் நினைத்ததைவிடக் கீச்சென்று, கொஞ்சம் கம்மலாக, வேகமாக. கடிதம் எழுதிய ஆள் வேறு, பேசுகிற ஆள் வேறு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் பேருந்து நேரம் கேட்கிறவர்கள் போல மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பெட்டியைத் திறந்து அவருடைய கடிதத்தை எடுத்தேன். “நீங்க எழுதினதை வாசிக்கிறேன், கேளுங்க” என்று விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி ராத்திரியைப் பற்றிய பக்கம். பாதியில் அவர், “அந்த இடத்துல ஒரு சொல்லை அடிச்சிருப்பேனே” என்றார். “ஆமாம், அடிச்சிருக்கீங்க. என்ன சொல் அது?” “பயமா இருக்குன்னு எழுதிட்டு, அடிச்சிட்டேன்.” அதைச் சொன்ன குரல் என் 43இன் குரல். அதற்குப் பிறகு எப்போது விடிந்தது என்று தெரியாது.

ஊர் கும்பகோணம். காலையில் அண்ணியிடம் சொன்னபோது, “அப்பாடா, இனிமே நான் நிம்மதியா இருப்பேன்” என்றார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாப்பா, ஒருத்தருக்காவது பார்வை இருக்கணும்மா. ரெண்டு பேரும் இப்படின்னா வீடு எப்படி நடக்கும்?” என்றார். நாற்காலி பின்னுகிறவருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியைக்கும் சரிவருமா என்றும் கேட்டார்.

அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பதில் சொன்னேன். இந்த வீட்டில் காலை டிபன் யார் செய்கிறார்கள்? பல வருஷமாக நான்தான். கேஸ் அடுப்பு, குக்கர், அரிவாள்மனை எல்லாம் என் கையில்தான். அவரும் தன் வீட்டில் அப்படியே. பார்வை உள்ளவர் ஒருவர் வந்தால் என்னைப் பார்த்துக்கொள்வார் என்று அண்ணன் நினைக்கிறார். எனக்குத் தேவை பார்த்துக்கொள்கிறவர் இல்லை. நான் எழுதினால் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். சம்பளத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அவர் என்னிடம் அதை இன்றுவரை கேட்டதில்லை.

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி பின்னாலேயே போனார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

வரும் ஞாயிறு அவரும் தங்கையும் ரயிலில் வருகிறார்கள். வருமானம், வீடு, அம்மாவின் உடம்பு என்று கேட்க வேண்டியதை எல்லாம் அண்ணன் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். கேட்கட்டும், அவர் பதில் சொல்வார்.

போனில் தினமும் பேசுகிறோம். அப்படியும் நேற்று ஒரு கடிதம் எழுதிப் போட்டேன், முதல் முறையாக நேரே அவர் முகவரிக்கு. முகவரியை அண்ணிதான் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன், “எந்தப் பெட்டியில வர்றாங்கன்னு கேட்டு வை, பாப்பா. ஸ்டேஷனுக்கு நானே போறேன்” என்றார்.