டெத் வேலி இறக்கத்துக்கு முன் ஒரு எடைமேடை

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து டெத் வேலி பாலைவனப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பியபோது எங்கள் பிக்கப் முதுகில் ஒரு வீடே இருந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை வரை உள்ள டிரக் கேம்பர். நெடுஞ்சாலை 14இல் மொஹாவி தாண்டியதும் ஸ்டியரிங் மிதப்பதுபோல் இருந்தது. "காத்துதான், விடுங்க" என்றார் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வழியில் ஒரு லாரி நிறுத்தத்தில் எடை போட்டோம். முன் சக்கர அச்சு, பின் சக்கர அச்சு எடைகளைத் தனித்தனியாகச் சீட்டில் தருகிறார்கள். கேம்பர் ஏற்றாத வண்டியின் பழைய சீட்டும் நண்பரிடம் இருந்தது. அதைவிட முன் அச்சில் 90 பவுண்டு குறைவு. அத்தனை பாரம் ஏற்றிய பிறகும்! சைக்கிள் கேரியரில் மூட்டையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் ஹேண்டில்பார் தூக்குமே, அதே கதைதான். கை எட்டட்டும் என்று கருவிப்பெட்டி, குடிநீர் கேன்கள் எல்லாவற்றையும் பின்கதவோரம், பின் அச்சுக்கு அப்பால் அடுக்கியிருந்தோம்.

மொத்த எடையும் உதைத்தது. ஓட்டுநர் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து 3,560 பவுண்டைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. காலிக் கேம்பரே 2,480. நாங்கள் இருவர் 320. கேஸ், அரிசி, நாற்காலி, கேன்கள், இட்லிப் பானை (என் பிடிவாதம்) வகையறா 600. தொட்டியில் 40 கேலன் தண்ணீர், கேலனுக்கு 8.33 பவுண்டு வீதம் 333. ஆக 3,733.

25 கேலனைத் திறந்துவிட்டோம். பாலைவனத்துக்குப் போகிறவன் தண்ணீரைக் கொட்டுவதா என்று மனசு அடித்துக்கொண்டது. டெத் வேலிக்குள் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸில் பிடித்துக்கொள்ளலாம், சரி. கேன்களையும் பெட்டியையும் முன்பக்கம், தரையோடு ஒட்டி வைத்துக் கட்டினோம். ஓட்டுநர் அறைக்கு மேலே நீளும் படுக்கையில் வைத்தாலும் பாரம் முன்னுக்கு வரும்தான், ஆனால் வளைவில் வண்டி சாயும். மறுபடி எடை போட்டபோது முன் அச்சு பழைய எடைக்குச் சற்று மேலேயே நின்றது.

நெடுஞ்சாலை 190இல் டவுன் கணவாய் 4,956 அடி. அங்கிருந்து சுமார் 17 மைலில் கிட்டத்தட்ட கடல்மட்டத்துக்கு இறங்க வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினோம். ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது.

மறுநாள் குளித்த பிறகுதான் உறைத்தது: எங்கள் கேம்பரில் கழிவுநீர்த் தொட்டி பின்னால் இருக்கிறது. தண்ணீர் செலவானாலும் எடை வண்டியைவிட்டுப் போகவில்லை, அச்சுக்குப் பின்னால் இடம் மாறியிருக்கிறது. முதலில் அதைக் காலி செய்தோம். அப்புறம்தான் இட்லி.