ரேஸ் ஓட்டணும்னா முதல்ல வாங்க வேண்டியது பைக் இல்ல

ரேஸ் ஓட்டணும்னு வர்ற பசங்க முக்காவாசி பேர் கேக்குறது ஒண்ணுதான், "ப்ரோ எந்த பைக் எடுக்கலாம்?" கையில ஆர்15 இருக்கும், இல்ல ஆர்டிஆர் 200 இருக்கும், அத வித்துட்டு ஆர்சி 390க்கு இஎம்ஐ போட கணக்கு பாத்துட்டு இருப்பான். டேய் இரு. இருக்கற வண்டியே போதும், அந்த காசுல லெதர் சூட் எடு.

சென்னை பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குல ரேஸுன்னா ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், லெதர் சூட், முதுகுக்கு பேக் ப்ரொடெக்டர், மணிக்கட்டு தாண்டுற க்ளவுஸ், கணுக்கால மூடுற பூட்ஸ், இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்க்ரூட்டினியிலயே நிறுத்திருவாங்க. சூட் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா தாராளமா வாங்குங்க, ஆனா ஹெல்மெட்ட மட்டும் வாங்காதீங்க, உள்ள இருக்கற தெர்மாகோல் ஒரு தடவ அடி வாங்கியிருந்தா வெளிய பாத்து கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது ட்ரெய்னிங். ஈசிஆர்ல 140 போனேன்னு சொல்ற ஆளுங்கதான் ட்ராக்ல முதல் நாள் ரொம்ப திணறுவாங்க. ஸ்ட்ரெயிட்ல த்ராட்டில முறுக்க யாராலயும் முடியும், நேரம் போறதும் வர்றதும் கார்னர்லதான். இருங்காட்டுக்கோட்டையில ஒரு ரவுண்டு 3.7 கிலோமீட்டர், 12 டர்ன், மெயின் ஸ்ட்ரெயிட் முடிஞ்சதும் வர்ற முதல் கார்னர், சி1னு சொல்வாங்க, செம ஸ்பீடான ரைட்டு, அதுல எங்க ப்ரேக் பிடிக்கறது, எங்க திருப்பறது, கண்ணு எங்க போகணும்னு யாராவது பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தாத்தான் புரியும். வெளிய இருந்து உள்ள வந்து மறுபடி வெளிய போற லைன் பேப்பர்ல ஈஸியாத்தான் இருக்கும், ஓட்டும்போது எல்லாரும் அவசரப்பட்டு சீக்கிரமே உள்ள திருப்பிட்டு வெளிய வரும்போது ரோடு பத்தாம முழிப்பாங்க.

அப்புறம் இந்த முட்டி தரையில உரசற ஃபோட்டோ பைத்தியம். உடம்பு சரியா உள்பக்கம் சாஞ்சு, ஸ்பீடும் லைனும் சரியா இருந்தா முட்டி தானா வந்து உரசும், அதுக்குன்னு தலைய ஒரு பக்கம் வச்சுட்டு முட்டிய மட்டும் நீட்டினா பாக்கவே பாவமா இருக்கு.

போட்டியில இறங்கணும்னா எஃப்எம்எஸ்சிஐ, அதாவது இந்தியாவுல மோட்டார் ஸ்போர்ட்ஸ பாத்துக்கற அமைப்பு, அவங்க லைசென்ஸ் வேணும். சொந்த வண்டிதான் வேணும்னும் இல்ல, டிவிஎஸ், ஹோண்டா மாதிரி கம்பெனிங்க ஒன் மேக் ரேஸ் நடத்துறாங்க, செலக்ஷன்ல லேப் டைம் நல்லா போட்டா வண்டி அவங்களே குடுப்பாங்க. எல்லாருக்கும் ஒரே வண்டி, அதனால தோத்தா வண்டி மேல பழி போட முடியாது. ஆரம்பிக்கறவங்களுக்கு இதவிட நல்ல இடம் இல்லன்னு நான் நினைக்கிறேன். கோயம்புத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சின்ன ட்ராக், சின்ன வண்டிய வச்சே நிறைய கத்துக்கலாம். சோழவரம் ரன்வேல ரேஸ் பாத்த பெருசுங்க நம்ம வசதிய பாத்து பொறாமைப்படுவாங்க, அங்க உலகப்போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப்லதான் எல்லாமே நடந்துச்சு, 1990ல இருங்காட்டுக்கோட்டை வர்ற வரைக்கும் மெட்ராஸ் ஆளுங்களுக்கு அதுதான் ட்ராக்.

சொந்த வண்டியதான் இறக்குவேன்னா மிரர், சைடு ஸ்டாண்ட் கழட்டணும், ஹெட்லைட்ட கழட்டணும் இல்ல டேப் ஒட்டணும், ஆயில் வடிக்கிற ட்ரெய்ன் போல்ட் கழண்டு வராம கம்பி கட்டணும், கூலண்ட்ட எடுத்துட்டு வெறும் தண்ணி ஊத்தணும். எல்லாம் பின்னாடி வர்றவன் வழுக்கி விழாம இருக்கறதுக்கும், நீங்க விழுந்தா கண்ணாடி சிதறாம இருக்கறதுக்கும்தான். கொடி எல்லாம் மனப்பாடமா தெரியணும், மஞ்சள்னா முன்னாடி ஏதோ ஆபத்து, ஓவர்டேக் பண்ணக்கூடாது, சிவப்புன்னா செஷன் ஸ்டாப்.

வண்டிய ஓட்டிட்டு போகாதீங்க, ரெண்டு பேரா சேந்து ஒரு டாடா ஏஸ்ல ஏத்திட்டு போங்க, விழுந்து ஹேண்டில் வளைஞ்சா வீட்டுக்கு எப்படி வருவீங்க? சாதாரண வண்டி இன்சூரன்ஸும் ரேஸுக்கு செல்லாது, எல்லா டேமேஜும் நம்ம பாக்கெட்தான். அதனால வண்டி அப்பா பேர்ல இருந்தா முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு எடுத்துட்டு போங்க.