காங்கிரீட் வீட்டை நாங்களே கட்டினோம்

எங்கள் இருவருக்கும் மேசை வேலைதான். கரணையைக் கையில் பிடித்துப் பழக்கமில்லை. இருந்தும் வீட்டை நாங்களே கட்டுவது என்று இறங்கினோம். அஸ்திவார ஆழம், தூண், பீம், கம்பிக் கணக்கு ஆகியவற்றை மட்டும் கட்டமைப்புப் பொறியாளரிடம் விட்டோம். அவர் வரைபடத்தில் ஒரு கம்பியைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. மற்றதையெல்லாம் பார்த்தும் கேட்டும் பழகிக்கொள்ளலாம். பாரம் தாங்கும் கணக்கில் அந்தத் துணிச்சல் ஆகாது.

மனையில் கயிறு கட்டிக் குறிப்பது பயந்த அளவுக்குக் கடினமில்லை. ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வந்தால் மூலை சரி. மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப், நேர் பார்க்கத் தூக்குக்குண்டு.

காலத்தை விழுங்கியது கம்பி வேலை. வளையங்களை வளைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்குவதில் என் கணவர் தேர்ந்துவிட்டார். கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் இடைவெளிக்காக வைக்கும் சின்னக் கட்டைகளான கவர் பிளாக்குகளை வைத்துச் சரிபார்ப்பது என் பொறுப்பு. கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டர், தூணில் 40, தளத்தில் 20 என்று வரைபடம் கேட்டது. இந்த இடைவெளி குறைந்தால் ஈரம் எளிதில் கம்பியை எட்டும். துரு ஏறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டையே பிளக்கும். சின்னக் கட்டைதானே என்று அலட்சியப்படுத்துபவர்களை இப்போதெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை.

பால்கனியில் இன்னும் கவனம் வேண்டும். சுவரைத் தாண்டி நீளும் பலகத்தில் இழுவிசை மேற்புறத்தில் விழுவதால் முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். அதன்மேல் ஆட்கள் நடந்தால் அது கீழே அமுங்கிவிடும். கம்பி இருந்தும் பயனில்லை. அதனால் குறுக்கே பலகை போட்டு நடைபாதை அமைத்தோம். காங்கிரீட் போட்ட நாளில் அந்த மூலையை விட்டு நான் நகரவில்லை.

அதற்கு முன் சென்ட்ரிங், அதாவது காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகைகளும் முட்டுகளும். 12 சென்டிமீட்டர் கனமுள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ எடை. ஈரக் காங்கிரீட்டுக்குத் தன்னைத் தாங்கும் பலம் கிடையாது, முழுப் பாரமும் முட்டுகளின்மேல்தான். அந்தக் கணக்கைக் கேட்ட பிறகு முட்டுகள் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பலகை இடுக்குகளையும் அடைத்தோம். சிமென்ட் பால் ஒழுகினால் ஜல்லி மட்டும் பல்லிளித்து நிற்கும்.

காங்கிரீட் நாளில் உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டோம். சண்டை வந்தது தண்ணீரில். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் என்பது பொறியாளர் சொன்ன உச்சவரம்பு. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

"இன்னும் ஒரு வாளி விட்டால் தானாக ஓடுமே அம்மா?"

"ஓட வேண்டாம் அண்ணே, வைப்ரேட்டர் இருக்கிறது."

மிகுதியான தண்ணீர் பின்னால் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். பலம் அங்கேதான் போகிறது. காங்கிரீட்டை அதிரவைத்துக் காற்றை வெளியேற்றும் கருவியான வைப்ரேட்டரையும் ஒரே இடத்தில் நெடுநேரம் பிடிக்கக் கூடாது, ஜல்லி அடியில் தங்கிவிடும். குமிழி அடங்கியதும் மெல்ல மேலே இழுக்க வேண்டும். வாளியைக் கடைசிவரை என் கணவரே கையில் வைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து அதே தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்தோம். காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தளத்தில் பாத்தி கட்டித் தேக்கினோம், தூண்களில் ஈரச் சாக்கு சுற்றினோம். 28 நாளில் வர வேண்டிய பலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முதல் 7 நாளில் வந்துவிடும் என்பதால், அந்த வாரத்தில் வெளியூர்ப் பயணம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

முட்டு எடுப்பதற்கும் முறை உண்டு. அறைத் தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி, பால்கனியில் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி. பால்கனி முட்டுகளைப் பொறியாளர் நேரில் வந்து நின்ற பிறகே தொட்டோம். பூச்சு வேலை இன்னும் பாக்கி. அதற்கு மட்டும் கொத்தனார் வைக்கப்போகிறோம். சோதனைக்காக நாங்கள் பூசிய குளியலறைச் சுவரைப் பார்த்தவர்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.