டிவிடியிலிருந்து டிவிக்கு

ஜூன் 8, 2024, சனி

பீரோவில் கிடக்கும் டிவிடிகளை, டிவியில் பார்க்கப் பென் டிரைவில் ஏற்ற ஆரம்பித்தாயிற்று. கல்யாண டிவிடிகளில் பூட்டு கிடையாது; வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுக்கலாம். உள்ளே படம் ஒவ்வொரு ஜிபியாக நறுக்கிய விஓபி கோப்புகளாக இருக்கும். அவற்றை அப்படியே பென் டிரைவில் போட்டால் துண்டு முடியும் இடத்தில் நாதஸ்வரமும் நின்றுவிடுகிறது. மேக்எம்கேவி என்ற மென்பொருளில் கொடுத்து ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் மகன் காதுகுத்து, 2009. டிவியில் போட்டதும் அம்மா, "ஏன்டா, இத்தாம் பெரிய டிவியில நடுவுல மட்டும் தெரியுது?" என்றாள். நாலு பக்கமும் கருப்பு.

எடுத்தது அகலத்திரையில்தான் (16:9). அப்போது பாதி வீடுகளில் பெட்டி டிவி என்பதால், மிக்ஸிங்கில் மேலும் கீழும் கருப்பு வைத்து, அந்தப் பெட்டியின் வடிவமான 4:3 (நாலு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம்) ஆக்கிவிட்டார்கள். டிவிடி படத்தின் உயரம் மொத்தம் 576 வரி. மேலே 72, கீழே 72 வெறும் கருப்பு. படம் 432 வரிதான். இன்றைய டிவி அதை 4:3 என்று நம்பி, பக்கவாட்டில் தன் பங்குக்கு இரண்டு பட்டை போடுகிறது. ரிமோட்டில் ஜூம் இருக்கிறது. ஆனால் எங்கள் டிவியில் பென் டிரைவ் ஓடும்போது அந்த மெனு வேலை செய்யாது.

ஜூன் 10, திங்கள்

வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் கருப்பைத் தானாகவே வெட்டும். இங்கே வெட்டவில்லை. ஸ்டுடியோக்காரர் தன் பெயரையும் செல் நம்பரையும் கீழ்ப்பட்டையிலேயே ஓடவிட்டிருக்கிறார். மென்பொருள் அதையும் படம் என்று எடுத்துக்கொள்கிறது. மேலே 72, கீழே 72 என்று கையால் கொடுத்தேன். விளம்பரமும் போயிற்று.

அடுத்தது அகலம். டிவிடியின் பிக்சல் சதுரமல்ல. 720 பிக்சலை 768 அளவுக்கு விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்பில் இருக்கும். சில டிவிகள் அதை மதிப்பதில்லை. அதனால் சதுரப் பிக்சலாக்கி 768×432 என்றே வைத்தேன். கச்சிதமாக 16:9.

ஆட்கள் நகரும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு. பழைய கேமரா நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிந்ததன் விளைவு. அரைப்படங்களை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் வசதியில் 'பாப்' போட்டால் நொடிக்கு 50 முழுப் படமாகி, அசைவு வழவழவென்று வருகிறது. வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264, தர அளவு ஆர்எஃப் 20, கோப்பு வகை எம்பி4. கோப்பு 4 ஜிபிக்குள் அடங்கியதால் அதைவிடப் பெரிய கோப்பை ஏற்காத ஃபேட்32 பென் டிரைவிலும் ஏறிவிட்டது.

ஜூன் 15, சனி

அக்கா கல்யாணம், 2003. இது அசல் 4:3. வெட்ட எதுவும் இல்லை. "ரெண்டு பக்கமும் கருப்பா இருக்கே, இழுத்து விடுடா" என்கிறாள் அக்கா. இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருப்பார்கள். மாமா ஏற்கெனவே அகலம். மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால்வாசி போகும், ரிசப்ஷன் வரிசையில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது. முடியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் அவள் வீட்டு டிவியில் ரிமோட்டை அமுக்கி இழுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கோப்பில் கை வைக்க மாட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மூலக் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கில் தனியாக ஏறியாயிற்று. இனி விசிடிகள். படம் வெறும் 352×288 பிக்சல். அதை முழுத்திரையில் கேட்பது கொஞ்சம் அதிகம்தான், அம்மா கேட்பாள்.