சாவி தொலைத்தவர்களும் நானும்

2025 ஜூலை 5, சனி

பார்சல் வந்துவிட்டது. கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பூட்டு, ஒரு உறைக்குள் நுனி வளைந்த மெல்லிய கம்பிகள். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "பல் டாக்டர்கிட்ட இருந்து தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்காக: மதுரையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி நடத்துகிறேன். மாதம் தவறாமல் யாராவது சாவி இல்லாமல் அறை வாசலில் நிற்பார்கள். பஸ்சில் விட்டது, ஆபீஸ் டிராயரில் விட்டது, ஊருக்குப் போன தோழியின் பையோடு போனது என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சாவிக்காரர் இருட்டிய பிறகு வரமாட்டார். உடைத்தால் பூட்டும் போச்சு, கதவில் தழும்பும் மிச்சம். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று ஒரு ராத்திரி வீடியோ பார்க்க உட்கார்ந்ததன் விளைவு இந்தப் பார்சல்.

ஜூலை 6, ஞாயிறு

கண்ணாடிப் பூட்டு நல்ல வாத்தியார். நடுவில் ஓர் உருளை. அதன் முதுகில் வரிசையாகத் துளைகள், அதற்கு நேராக வெளிக்கூட்டிலும் துளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டாக ஒரு பித்தளைப் பின், அதன் தலையில் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் துண்டு உருளைக்கும் கூட்டுக்கும் குறுக்கே மறித்து நிற்கிறது. சரியான சாவி போனால் எல்லாப் பின்களும் இரண்டாகப் பிரிகிற இடம் ஒரே கோட்டுக்கு வருகிறது, உருளை திரும்புகிறது. மரத்தில் இதே யோசனையை எகிப்தியர்கள் பழங்காலத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். இன்று நம் கையில் இருக்கும் உலோக வடிவத்துக்கு அமெரிக்காவில் லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை வாங்கினார்.

சாவியில்லாமல் திறக்க முடிவதற்குக் காரணம் பூட்டின் குறையேதான். துளைகளை எந்த மெஷினும் அச்சு அசலாக ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. மயிரிழை முன்னே பின்னே இருக்கும். ஆகவே உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாது, ஏதோ ஒன்றுதான் முதலில் மாட்டும். அதைத் தேடிப்பிடித்து மெல்ல உயர்த்தினால் கோட்டைத் தாண்டியதும் மேல் துண்டு மேலேயே நின்றுவிடும். உருளை இம்மி திரும்பும். அடுத்தது இறுகும். இவ்வளவுதான் வித்தை. படித்தபோது ஏதோ ஏமாற்று வேலை போலத் தோன்றியது, கண்ணால் பார்த்தபோது கை தட்டலாம் போல இருந்தது.

ஜூலை 9, புதன்

நிஜப் பித்தளைப் பூட்டுக்கு மாறியாச்சு. இனிமேல் கண்ணுக்கு வேலையில்லை.

வலது கைக் கம்பியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் பூட்டு திறப்பது இடது கையில். உருளையைத் திருப்பிப் பிடிக்கும் அந்த வளைந்த கம்பிக்கு டென்ஷன் ரெஞ்ச் என்று பெயர். ஆரம்பத்தில் எல்லோரும் அதை அமுக்கித் தள்ளுவார்கள். அமுக்கினால் எல்லாப் பின்களும் சேர்ந்து இறுகி, எது முதலில் மாட்டியது என்று தெரியாமல் போகும். நகத்தடி வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க ஒவ்வொரு பின்னும் தன் குணத்தைக் காட்டுகிறது. சும்மா கிடக்கிற பின் ஸ்பிரிங்கோடு துள்ளும். இறுகிய பின் கல் மாதிரி நிற்கும். அது கோட்டைத் தாண்டும்போது வருகிற 'டிக்' காதுக்குக் கேட்பதைவிட விரல் நுனிக்குத்தான் தெரிகிறது.

ரம்பப்பல் போன்ற கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் மலிவுப் பூட்டுகள் சட்டென்று திறந்துகொள்கின்றன. அதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. ஏன் திறந்தது என்று தெரியாமல் திறப்பதில் என்ன இருக்கிறது?

ஜூலை 13, ஞாயிறு

மேலமாசி வீதிப் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நம் சாவிக்கார அண்ணனிடம் கம்பிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை வச்சு நீங்க திறந்து குடுத்தாலும், நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணுக்குச் சாவி வேணும்லக்கா?"

எனக்கு இது தோன்றவே இல்லை.

அவர் செய்கிற முறை வேறு. சாவி தொலைந்த ஒரு பூட்டு கையில் இருந்தது. வெட்டு விழாத வெறும் பித்தளைச் சாவி ஒன்றை எடுத்து, அதன் முதுகை அரத்தால் ஒரு தடவை ராவிப் பளபளப்பாக்கினார். உள்ளே விட்டு, குறடால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தித் திருப்பினார். வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் நகத்தால் தொட்ட இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. இறுகி நிற்கிற பின் சாவியின் மேல் பதித்த குறி அது. அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு ராவினார். மறுபடி உள்ளே, மறுபடி திருப்பு, மறுபடி வெயில். ஒரு பின் சரியான உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த இடத்தில் குறி விழுவது நின்றுவிடும். அங்கே அரம் படக்கூடாது. ஒரு இழுப்பு அதிகமானால் பள்ளம் ஆழமாகி அந்தச் சாவி குப்பைக்கு. பக்கத்துக் கடையிலிருந்து டீ வருவதற்குள் பூட்டு திறந்தது. கையில் சாவியும் இருந்தது.

"எத்தனை வருஷம்ணே ஆச்சு இது கைக்கு வர?"

"வருஷமா? எங்கப்பா அரத்தைக் கையில குடுத்துட்டு ஒரு வருஷம் சும்மா ராவத்தான் விட்டாரு."

பழைய வாடிக்கை என்பதால் கற்றுத்தர ஒத்துக்கொண்டார், வெறும் சாவிகளை நானே வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. தெரியாதவர் சோப்பில் பதித்த அச்சோடு வந்தால் சாவி செய்ய மாட்டாராம். பூட்டு வரவேண்டும், ஆளும் வரவேண்டும்.

ஜூலை 17, வியாழன்

விடுதியில் பேச்சு பரவிவிட்டது. "அக்காவுக்கு எல்லாப் பூட்டும் திறக்கத் தெரியுமாம்." சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆனால் இரண்டாவது மாடியில் இரண்டு பேர் நேற்று அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்திருக்கிறார்கள்.

கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருப்பேன். அந்த அலமாரிக்குள் சம்பளப் பணம் இருக்கும், வீட்டுக்குத் தெரியாத கடிதம் இருக்கும், என் கண்ணில் படக்கூடாத ஆயிரம் இருக்கும். வாடகை வாங்குகிறவளுக்குத் திறக்கவும் தெரியும் என்றால் தூக்கம் வருமா? சாவிக்காரர் வெளியாள், வேலை முடிந்ததும் போய்விடுவார். நான் இங்கேயே இருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

இதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஜெர்மனியில் 1997-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்து, பூட்டுத் திறப்பதை விளையாட்டுப் போட்டியாகவே நடத்துகிறார்கள். நெதர்லாந்தில் 'டூல்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுப்பது இரண்டே விதி. உன்னுடையது அல்லாத பூட்டை, உடையவர் அனுமதி இல்லாமல் தொடாதே. உன்னுடையதாகவே இருந்தாலும் புழக்கத்தில் இருக்கிற பூட்டில் பழகாதே. இரண்டாவது வெறும் ஒழுக்கத்துக்காகச் சொன்னது இல்லை. கம்பி உள்ளே ஒடிந்தால், ஸ்பிரிங் வளைந்தால், வாசற்கதவுக்கு வெளியே நிற்கப்போவது நாம்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து அந்தப் பிளாஸ்டிக் பூட்டைச் சுற்றுக்கு விட்டேன். விடுதிக்கும் விதி சொன்னேன். அலமாரிப் பூட்டை நான் தொடமாட்டேன், யார் கேட்டாலும். அறைப் பூட்டு என்றால் அறைக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா போன் பண்ணி "திறந்து பாருங்க" என்றாலும் இதே பதில்தான். இந்தக் கடைசி வரிக்குத்தான் கைதட்டல் கிடைத்தது.

ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பெண் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டாள். என் வேகத்தைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கலந்த சாதம் மீந்து கிடக்கிறது.

சாவிக்கார அண்ணன் கொடுத்த கொஞ்சம் நல்ல பூட்டு ஒன்று படுத்துகிறது. உருளை பாதி திரும்பி, திறந்தே விட்டது என்று ஆசை காட்டி நின்றுவிடுகிறது. மேல் பின்னை நூல்கண்டு வடிவத்தில் நடுவில் ஒடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடுப்பு கோட்டில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஏமாற்றும். அந்தப் பின்னை அழுத்தும்போது உருளை பின்னுக்குத் திரும்பப் பார்க்கும். அதை எதிர்க்காமல் இடது கையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தால் ஏற்கெனவே நின்ற பின்கள் சில விழுந்துவிடுகின்றன. மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று: பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து உள்ளே பசையாகிவிடுகிறது. பென்சில் முனையைச் சீவிய தூள் எவ்வளவோ தேவலை.

ஆகஸ்ட் 16, சனி

தொடர் விடுமுறை. விடுதி பாதி காலி. திண்டுக்கல் போய்வந்தேன். பூட்டு பழகிக்கொண்டு திண்டுக்கல் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையே பட்டறை. பெரியவர் ஒருவர் மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் என்கிற தகடுகளை ராவிக்கொண்டிருந்தார். சாவியை முதலில் வெட்டி வைத்துக்கொள்கிறார். பிறகு தகடுகளை ஒவ்வொன்றாக அந்தச் சாவிக்கு ஒப்பிட்டு ராவுகிறார். கையால் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்கிறார். இதில் பின்னும் கிடையாது, உருளையும் கிடையாது. தகடு ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் வெட்டியிருக்கும். எல்லா வாசலும் ஒரே உயரத்துக்கு வந்தால்தான் நாக்கு நகரும். குறைவாகத் தூக்கினாலும் மறிக்கும், அதிகமாகத் தூக்கினாலும் மறிக்கும். இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது.

என் கம்பிகளை அந்தச் சாவித்துவாரத்தில் விட்டுப் பார்த்தேன். காற்றில் வீசுவது போல இருந்தது. பெரியவர் ராவுவதை நிறுத்தாமல், "ம், பாருங்க பாருங்க" என்றார்.

லீவர் பூட்டைத் திறக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், அதுவரை அசைக்க முடியாதென்று பெயர் வாங்கியிருந்த 'சப்' கம்பெனியின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துகாட்டினார். தவறாகத் தூக்கினால் தானே மாட்டிக்கொண்டு உடையவருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது! பிறகு பிராமா கம்பெனி கடை ஜன்னலில் பரிசு அறிவித்துப் பல்லாண்டுகளாகத் தொங்கவிட்டிருந்த பூட்டை 16 நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் உழைத்துத் திறந்து, பரிசுப் பணம் 200 கினியை (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) வாங்கிக்கொண்டார். அந்தப் 51 மணிநேரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்தத் திருடன் 51 மணிநேரம் உட்காருவான்?

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்கும்போது குறியீட்டை வைத்து என்ன செய்வது என்கிறார் பெரியவர். பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறானாம். பேரம் பேச மனம் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து ஒன்று வாங்கினேன், வாசல் கிரில்லுக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூட்டைக் கிரில்லில் மாட்டப்போனபோதுதான் மற்ற கதவுகளையும் ஒரு தடவை உற்றுப் பார்த்தேன். அறைக்கதவு ஆல்ட்ராப் (பூட்டு மாட்டுகிற இரும்புத் தாழ்ப்பாள்) எல்லாம் முக்கால் இஞ்ச் மரத்திருகில் நிற்கிறது. திருகின் தலை வெளியே தெரிகிறது. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், பூட்டைத் தொடவே வேண்டாம். பேப்பரில் வருகிற திருட்டுகளைப் பாருங்கள், கடப்பாரையால் நெம்பியதுதான் பெரும்பாலும். கம்பியை விட்டு 'டிக்' கேட்டுக்கொண்டிருந்தவனைப் பற்றி நான் படித்ததே இல்லை. இவ்வளவு நாளும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், கதவைப் பார்க்கவில்லை.

அறைக்கு ஒரு மாற்றுச் சாவி வெட்டி, அறைக்காரர் கையெழுத்துப் போட்ட கவரில் போட்டு ஒட்டி ஆபீஸ் அலமாரியில் வைக்கலாம் என்று பெண்களே யோசனை சொன்னார்கள். கவர் கிழிந்திருந்தால் யார் கேட்டாலும் பதில் சொல்வது என் பொறுப்பு. சாவி ராவும் வேலை என்னுடையது. அண்ணன் மேற்பார்வை.

ஆல்ட்ராப்களுக்கு, கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு போட்ட போல்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி திங்கட்கிழமை வருகிறேன் என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.