மூலம் என்று மூன்று வருடம், ஜெராக்ஸில் விடுபட்ட இரண்டு வரியால் இரண்டு கொலோனோஸ்கோப்பி

நேற்று என் குடலில் எடுத்த சதையின் பயாப்ஸி (திசுச் சோதனை) ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது என்பதால், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வயது 49. மூன்று வருடமாகவே மலச்சிக்கல், முக்கினால் அவ்வப்போது சிவப்பாக ரத்தம் சொட்டும். அப்பாவுக்கு மூலம் இருந்தது, அதனால் எனக்கும் அதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுவது, கருணைக்கிழங்கு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு என்றே ஓடியது. போன கார்த்திகையில் அலுவலகத்தில் ரத்ததான முகாம். 12.5 இருந்தால்தான் எடுப்போம், உங்களுக்கு ஹீமோகுளோபின் 9.1தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் டாக்டர் இரும்புச்சத்தும் குறைவு என்று பார்த்துவிட்டு, "ஆம்பளைக்கு இது குறையுதுன்னா எங்கயோ ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், மூலம்னு விட்டுடக் கூடாது" என்றார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மதுரையில் ஒரு குடல் நிபுணருக்குக் கடிதமும் கொடுத்தார். அங்கே கொலோனோஸ்கோப்பிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, தேதி வாங்கினேன். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

கவுண்டரில் ஒரு தாளை நீட்டி "எல்லாம் இதுலயே இருக்கு சார்" என்றார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள், முழுக்க ஆங்கிலம், கடைசி வரி பாதியில் நின்றது. நான் கேட்டேன், "கீழே ஏதோ வெட்டுப்பட்டிருக்கே?" அவ்வளவுதான் சார் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அங்கேயே நின்று மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

தாளில் இருந்தபடி முதல் நாள் திட உணவை நிறுத்தினேன், பேதிப் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து குடித்தேன். உப்பும் இனிப்புமாகக் குமட்டும். இரவெல்லாம் கழிவறையில்தான். மறுநாள் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம், வயிறு எப்போது கலக்குமோ என்று கையைப் பிசைந்துகொண்டே போனேன். மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சொன்னது: "குடல் சுத்தமாகலை, சுவரெல்லாம் கறுப்பா ஒட்டியிருக்கு, பாதி வரைக்கும்தான் போக முடிஞ்சது. திரும்ப வரணும்." மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் அந்த மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி, பிசின் மாதிரி குடல் சுவரில் ஒட்ட வைக்கும், அதனால் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டுமாம். மலச்சிக்கலையும் அது கூட்டும், எனக்குக் கூட்டியது. அப்புறம், மலச்சிக்கலுக்கு நல்லது என்று இரண்டு நாள் முன்புவரை நான் கீரையும் கொய்யாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாரும் விதையும் உள்ளே தங்கிக் குழாயையே அடைக்குமாம். எண்டோஸ்கோப்பி அறை நர்ஸ் அக்காவிடம் போய்க் கேட்டேன், அவர் அசல் தாளை எடுத்துக் காட்டினார். என் தாளில் வெட்டுப்பட்ட இரண்டு வரி இவைதான்: இரும்புச்சத்து மாத்திரையை ஏழு நாள் முன் நிறுத்தவும், விதை, கீரை, பழத்தோலை மூன்று நாள் முன் நிறுத்தவும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேனேஜரிடம் காட்டினேன். அரை மணி நேரம் நின்று பேசினேன். இரண்டாவது தடவைக்குப் பாதிக் கட்டணம்தான் வாங்கினார்கள். கவுண்டரில் இருந்த பழைய ஜெராக்ஸ் கட்டையும் என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார்கள். அதில்தான் எனக்கு நிம்மதி.

இரண்டாவது முறை மூன்று நாளும் இட்லி, தயிர் சாதம், முந்தின நாள் இளநீரும் பால் சேர்க்காத டீயும். பொடியை ஒரே மூச்சில் குடிக்காமல் மாலை ஒரு லிட்டர், விடியற்காலை ஒரு லிட்டர் என்று பிரித்துக் குடித்தேன், குளிர வைத்தால் கொஞ்சம் எளிதாக இறங்குகிறது. காலையில் பஸ் ஏற முடியாது என்பதால் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே லாட்ஜ் எடுத்தோம், வெளியூரிலிருந்து போகிறவர்கள் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். போவது வெளிர்மஞ்சளாக, சிறுநீர் மாதிரித் தெளிவாக வந்தால் தயார் என்று அக்கா சொல்லியிருந்தார், ஆறு மணிக்கு வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாளை நம்பாமல் டாக்டரிடமே கேளுங்கள்.

மூலமும் இருந்தது, அது நிஜம்தான். அதற்கு மேலே பெருங்குடலில் காம்பு வைத்த 12 மில்லிமீட்டர் பாலிப் (சதை வளர்ச்சி) ஒன்றும் இருந்தது. கம்பி வளையம் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். இந்த வகையை விட்டு வைத்தால் சில வருடங்களில் புற்றுநோயாக மாறலாம் என்றார் டாக்டர். எடுத்த சதையை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, அடுத்த தெரு லேபில் கொடுக்கச் சொல்லி என் மனைவி கையில் தந்தார்கள். பாட்டிலில் பெயரே இல்லை! அவள் கவனித்து, பெயரும் நம்பரும் எழுதி ஒட்டும் வரை நகரவில்லை.

மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்கள். அண்ணனுக்கு 54. அவருக்கும் அடிக்கடி ரத்தம் போகும், அவரும் துத்தி இலைதான் சாப்பிடுகிறார். நேற்று ராத்திரியே பேசினேன், அடுத்த வியாழன் தேதி வாங்கியாயிற்று. நர்ஸ் அக்கா கொடுத்த முழுத் தாளை, கடைசி இரண்டு வரியும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.